என் திட்டை ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டியவனுக்கு

அஜின்,

போனில் நான் பேசுவதையெல்லாம் நீ பதிவு செய்து ஊருக்குப் போட்டுக் காட்டுகிறாய் என்பதால், சொல்ல வேண்டியதை இந்த முறை எழுதி அனுப்புகிறேன். இதையும் உன் வலைப்பூவில் போடத்தான் போகிறாய், எனக்குத் தெரியும். போடு. ஆனால் வெட்டாமல், ஒட்டாமல், முழுசாகப் போட வேண்டும். உன்னைப் போல இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிற மற்ற பிள்ளைகளின் அம்மாக்களும் படிக்கட்டும். அவர்களுக்கும் ஆறுதல் வேண்டாமா?

போன வெள்ளிக்கிழமை நான் டூட்டி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது கூப்பிட்டாய். "அம்மா, ரிசைன் பண்ணிட்டேன்" என்றாய். காய்ச்சல் விட்டுப்போச்சு என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். "வேற கம்பெனியில கெடச்சாச்சா மக்ளே?" என்று கேட்டேன். "கம்பெனி ஒண்ணும் இல்லம்மா. இனி ஃபுல் டைம் கன்டென்ட் பண்ணப் போறேன்" என்றாய். கன்டென்ட். இத்தனை வருட நர்ஸ் வேலையில் எனக்குத் தெரிந்த கன்டென்ட் ஒன்றுதான். நோயாளியின் வயிற்றில் குழாய் போட்டு வெளியே எடுப்பது. அதன் நிறத்தைப் பார்த்து சார்ட்டில் எழுதி வைப்போம். அதை ஒருவன் முழு நேரமாகச் செய்வதற்குப் புஜைராவில் நல்ல வேலையை விடுகிறான் என்றால் எனக்கு என்ன புரியும்? பஸ் வந்துவிட்டது. நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நீ நினைத்திருந்தால், சரியாகத்தான் நினைத்திருக்கிறாய்.

எந்த வருடத்தில் இதைச் செய்கிறாய் என்று யோசித்தாயா? துபாயில் பாதி கட்டிய கட்டடங்களின் மேல் கிரேன்கள் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கின்றனவாம். ஒவ்வொரு கம்பெனியிலும் வேலை போகிறவர்கள் பட்டியலில் யாருடைய பெயர் வரும் என்று பயந்துகொண்டு இருக்கிறார்கள். அப்படி ஒரு நேரத்தில், எண்ணெய்த் தொட்டிகள் நிற்கிற உன் கம்பெனியில், ஏசி அறையில், டாக்குமென்ட் கன்ட்ரோலர் என்று மேசையும் நாற்காலியும் போட்டு உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள். யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை. நீயாக எழுந்து கதவைத் திறந்துகொண்டு போகிறாய். விசா கேன்சல் ஆனால் எத்தனை நாளில் நாட்டை விட வேண்டும், திரும்பி வரத் தடை விழுமா, எதையாவது விசாரித்தாயா? கேட்டால் "பார்த்துக்கலாம்மா" என்பாய். நீ சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கலாம் என்று சொன்ன ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டது நான்.

சரி, என் போன் பேச்சை வைத்து நீ போட்ட அந்த வீடியோவுக்கு வருகிறேன். அதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் என்றும், அதனால்தான் உனக்கு இந்தத் தைரியம் வந்தது என்றும் சொன்னாய். அது இங்கே குவைத்தில், ஃபர்வானியா ஆஸ்பத்திரியில் என்ன செய்தது என்று உனக்கு நான் இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஐசியூவில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நோயாளியைப் பார்க்க வந்த தமிழ்ப் பையன் ஒருவன் என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவன் நண்பனிடம் மெதுவாக, "காஞ்சு கருவாடா ஆயிருக்கும்" என்று சொல்ல, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பைத்தியங்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பார்மசியில் இருக்கிறவர் அதையே சொன்னார். அதற்கு மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு விட்டார். அவர் கோட்டயத்துக்காரர், கண்டிப்பானவர், சிரித்து நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை என் பக்கமாகத் திருப்பினார். உள்ளேயிருந்து என் குரல் வந்தது. "எங்க வார்டு சூப்பர்வைசர் மாதிரி, கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஃபைலையே பாத்துட்டு நிக்காதல, எனக்குக் கோவம் வரும்."

அவர் அந்த இடத்தில் நிறுத்தினார். "சிஸ்டரே, எனிக்குத் தமிழ் நல்லா மனசிலாகும், கேட்டோ" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? மகனிடம் போனில் பேசினது மேடம், அவன் இப்படிச் செய்வான் என்று தெரியாது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டு முடித்ததும் பதில் சொல்லாமல் மேசையில் இருந்த ஃபைலைப் பார்த்தார். அஜின், அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதற்கும் சேர்த்து உன்மேல் எனக்குக் கோபம்.

அடுத்த வாரம் டூட்டி சார்ட்டில் என் பெயர் ஐசியூவில் இல்லை. புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரெஸ்ஸிங் ரூமுக்கு என்னை மாற்றியிருந்தார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ பிளஸ் டூ எழுதின வருடத்திலிருந்து அந்த ஐசியூவில் நின்றவள் நான். புதிதாக வந்த டாக்டர்கள்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து அளவைச் சொல்வார்கள். இப்போது பஞ்சும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிடுகிறேன். அந்த வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. என்னைக் கேட்காமல் நீ எடுத்த ஒன்றுக்காக நான் என் இடத்தை விட்டு நகர்ந்தேன் என்று சொல்கிறேன். நீ என்னிடம் ரிசைன் பண்ணிவிட்டேன் என்று சொன்னபோது நான் போய்க்கொண்டிருந்தது அந்த டிரெஸ்ஸிங் ரூமுக்குத்தான்.

நீ அப்படிக் கூப்பிட்டுச் சொன்ன அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவிடம், அந்தச் சனியனை எனக்கும் காட்டு என்றேன். நம் ஃப்ளாட்டில் அடுத்த அறையில் இருக்கிறாளே, உனக்குத் தெரியும், அவளுடைய லேப்டாப்பில் பார்த்தோம். நான் போனில் உன்னைத் திட்டுகிறேன். நீயோ ஒரு வார்த்தை பேசாமல், காமிராவை எடுத்துக்கொண்டு உன் அறைக்குள் நடக்கிறாய். நான் "சாப்பிட்ட தட்டு கட்டிலுக்க அடியில கெடக்கும்" என்கிறேன். காமிரா குனிகிறது, அங்கே தட்டு இருக்கிறது. "வெளிய காயப்போட்ட சட்டை எடுக்க ஆளில்லாம காஞ்சு கருவாடா ஆயிருக்கும்" என்கிறேன். காமிரா பால்கனிக்குப் போகிறது, சட்டை விறைத்துக்கொண்டு தொங்குகிறது. கடல் தாண்டிக் குவைத்தில் நிற்கிறவளுக்கு உன் அறை முழுக்கத் தெரிகிறது. ஸ்டெல்லா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாள். கடைசியில் நான் மூச்சு வாங்கிவிட்டு, "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்கிறேன். அங்கே உன் முகத்தை ஒரு நொடி காட்டிவிட்டு முடித்துவிட்டாய்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏனென்றால் நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். நாலு திட்டுத் திட்டி, மேனேஜர் காலைப் பிடித்து வேலையைத் திரும்ப வாங்கு என்று எழுதி முடித்திருப்பேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லா வீட்டு ஞானஸ்நானத்துக்கு உன் கையில் காமிராவைக் கொடுத்தார்களே, அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். ஃபாதர் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு, பின்னால் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் இரண்டு மாமாக்கள் சண்டை போடுவதை எடுத்துக்கொண்டு வந்தாய். ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது விருந்தாளி யார் வந்தாலும் அந்த வீட்டில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றின படம் இன்றைக்கும் கிடையாது. இரண்டையும் சேர்த்து நினைவில் வை.

வேலையை விட்டவனே விசாரிக்காததால், நான் விசாரித்தேன். ஃபர்வானியா மெயின் ரோட்டில் கல்யாண வீடியோ எடுக்கிற தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்கு ஸ்டுடியோ இருக்கிறது. டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு போய் உட்கார்ந்தேன். கல்யாண ஆல்பம் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து டீ கொடுத்தார். மகனுக்காக வந்தேன், இந்தக் கன்டென்ட் என்பதில் சாப்பாடு இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள் என்றேன்.

"அக்கா, மனசுல பட்டதைச் சொல்றேன். இன்டர்நெட்ல வீடியோ போட்டு மட்டும் குடும்பம் நடத்துற தமிழாளை நான் இன்னும் பாக்கல. பின்னால வரலாம். இப்ப இல்ல" என்றார். "அப்ப மூட்டை கட்டிட்டு வரச் சொல்லட்டுமா?" என்றேன். "ஐயோ, அப்படிச் சொல்லலையே. வெட்டி ஒட்டத் தெரிஞ்ச பையனுக்கு வேலை இருக்கு. நானே ரெண்டு வருஷமா ஒரு நல்ல எடிட்டருக்கு அலையுறேன்." பிறகு அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஹோட்டல்களும் கடைகளும் இப்போது ஆளுக்கொரு வெப்சைட் வைக்கின்றன, அதற்குப் படம் எடுக்கவும் எழுதவும் ஆள் வேண்டும். இங்கிலீஷ் படத்துக்கும் அரபிப் படத்துக்கும் தமிழில் கீழே எழுத்துப் போடுகிற வேலை இருக்கிறது. இன்டர்நெட்டில் ரேடியோ நடத்துகிறார்கள், அதற்குக் குரலும் ஒலிப்பதிவும் தெரிந்தவர்கள் வேண்டும். வலைப்பூவில் விளம்பரம் போட்டால் எப்போதாவது ஒரு செக் வரும், அதை நம்பி வாடகை பேசக் கூடாது. எல்லாவற்றிலும் முதல் படி ஒன்றுதான் என்றார் அவர். சின்னதாக ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும், அடுத்ததையும் சொன்ன நாளில் முடிக்க வேண்டும், நண்பன் இல்லாத ஒருவனிடம் காட்டித் திட்டு வாங்க வேண்டும். "படம் கொஞ்சம் ஆடினாக்கூட ஜனங்க பாப்பாங்க அக்கா. சத்தம் சரியில்லன்னா எழுந்து போயிடுவாங்க. முதல்ல நல்ல மைக் வாங்கச் சொல்லுங்க, காமிரா அப்புறம்."

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "தம்பி எந்த விசாவுல இருக்காரு? ஒரு கஃபீல்கிட்ட, அதான் விசா குடுத்த முதலாளிகிட்ட, விசா வாங்கிட்டு வெளியில காமிரா தூக்கினா, பிடிச்சா கலாஸ், கதை முடிஞ்சுது. அதை மட்டும் சொல்லிடுங்க." ஊரிலிருந்தால் நீ யார் கல்யாணத்தை எடுத்தாலும் கேட்பார் இல்லை. இது கல்ஃப். உனக்கு யார் பெயரில் விசாவோ அவருக்குத்தான் நீ வேலை செய்ய முடியும். இந்த ஒரு விஷயத்தைக்கூட யோசிக்காமல் ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இங்கேயே வளர்ந்தவன் நீ. உனக்கு இதைத் தஞ்சாவூர்க்காரர் மூலமாக நான் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.

இனி நான் சொல்லப் போவது உனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதாலேயே எழுத மனமில்லாமல் எழுதுகிறேன். டிரெஸ்ஸிங் ரூமுக்குப் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் கட்டு மாற்ற வருகிறார். செல்வராஜ் என்று பெயர், உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். மொட்டை மாடிக்குத் தார் போடுகிற சைட்டில், சூடாக இருந்த ட்ரம்மின் மூடியைத் திறந்ததில் வலது கை முழுக்க வெந்துபோயிருந்தது. வலியை மறக்கட்டும் என்று பேச்சுக் கொடுத்தேன். "வேலைக்குச் சேரும்போது இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லித் தந்தாங்க சிஸ்டர். முதல் நாள் படம் போட்டாங்க."

"படத்துல இதைக் காட்டலையா?"

"காட்டிருப்பாங்க. இங்கிலீஷ்ல ஓடுச்சு. ஏசி ரூமு, ஊர்லேருந்து வந்த அசதி, நல்லாத் தூங்கிட்டேன். முடிஞ்சதும் ஒரு பேப்பரை நீட்டினாங்க, கையெழுத்துப் போட்டேன்."

"தமிழ்ல ஓடியிருந்தா?"

"யாராச்சும் திட்டுற மாதிரிச் சொல்லிருந்தா முழிச்சிருப்பேன் சிஸ்டர். எங்க அக்கா திட்டினா நான் தூக்கத்துலகூட எழுந்துருவேன்."

அங்கேயே எனக்கு உன் நினைவு வந்தது. உன் கம்பெனியிலும் அதே மாதிரி இங்கிலீஷ் படத்தைத்தான் போடுகிறார்கள். நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய், புதிதாக வருகிறவர்களை வரிசையாக உட்கார வைத்துப் போடுவார்கள், பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள், கையெழுத்துப் போட்ட தாள்கள் உன் மேசைக்குத்தான் வரும் என்று. தினமும் அந்தத் தாள்களை அடுக்கி வைக்கிறவன் நீ. அது உன் கண்ணில் படவில்லை, என் அழுக்குத் தட்டுப் பேச்சுத்தான் பட்டது.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. நாளைக்கே மேனேஜரிடம் போய், அவசரப்பட்டுவிட்டேன், ராஜினாமாவைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேள். வெட்கமாக இருக்கும். இருக்கட்டும், நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் முன்னால் நின்றேன், நீ உன் மேனேஜர் முன்னால் நில். அதே கையோடு சேஃப்டி ஆபீசரைப் பார். தொட்டியின் மேல் ஏறும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் தமிழில் ஒரு சின்னப் படமாக எடுத்துத் தருகிறேன், அனுமதி கொடுங்கள் என்று கேள். மாஃபி, கிடையாது என்று சொன்னால் ஒரு மாதம் கழித்து மறுபடி கேள். சரி என்றால் செய்து முடி, பிறகு அதையே இந்தியில் செய். வேலை செய்கிறவர்களின் முகம் வருகிறதென்றால் ஒவ்வொருவரிடமும் போய், உன் முகம் இதில் வரும், எல்லாரும் பார்ப்பார்கள், சம்மதமா என்று அவர்கள் பாஷையில் கேள். நீ எடுக்கிற படத்தால் உனக்குப் பேர் வரலாம், அவர்களுக்கு வேலை போகலாம். இது கம்பெனிக்குள் செய்கிற வேலை, உன் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கு இன்னொரு இடத்தில் வேலை கேட்கும்போது, நான் இதைச் செய்தேன் என்று காட்ட உன் கையில் ஒன்று இருக்கும். அதன் பிறகு ராஜினாமா கொடு, நான் போனை வைக்க மாட்டேன். மேனேஜர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை என்றால், சும்மா டிக்கெட் போட்டு இங்கே ஓடி வராதே, தஞ்சாவூர்க்காரர் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், முறையாக விசா எடுத்துத் தருகிறாராம், அது கைக்கு வந்த பிறகு வா. அவரிடம் போனால் மாலை மாற்றுவதை எடுக்காமல் வந்துவிடாதே.

படத்துக்குத் திட்டுகிற குரல் வேண்டுமென்றால் என்னைக் கேள். நான் கொடுப்பேனா மாட்டேனா என்பது பிறகு. முதலில் கேள். உனக்கு நான் இத்தனை பக்கம் எழுதினதில் புரிய வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த வீடியோவை இன்றைக்கே வலைப்பூவிலிருந்து நீக்கிவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் உன் அப்பா சவூதியில் தம்மாமிலிருந்து கூப்பிட்டார். நல்லதாய்ப் போயிற்று, இவராவது உனக்கு நாலு வார்த்தை சொல்லட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். சூப்பர்வைசர், டிரெஸ்ஸிங் ரூம், ராஜினாமா, எல்லாம். அவர் வழக்கம்போல ஊம் கொட்டிக்கொண்டிருந்தார். ஏசி மெக்கானிக்குக்கு அந்த மெஷின் சத்தத்திலேயே இருந்து பேச்சு மறந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, "நீங்க அந்த வீடியோவை ஒரு தடவையாவது பாத்தியளா?" என்று கேட்டேன்.

"தினமும் பாக்கேன் பிள்ளே" என்றார். "ரூம்ல ஒரு பையன் கம்ப்யூட்டர் வச்சிருக்கான். அவன்கிட்ட சொல்லி என் போன்ல ஏத்தி வச்சிருக்கேன். நீ டூட்டியில இருந்தா போன் எடுக்க மாட்டியே, அப்போ அதைப் போட்டுக் கேட்டுட்டு இருப்பேன்."

"நான் திட்டுறதையா?"

"திட்டுறது அவனைத்தானே. எனக்குக் கேக்க நல்லாத்தான் இருக்கு."

அவர் வீட்டுக்கு வந்து நான் அவரை நேரில் திட்டி எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டு போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவரும் வைக்கவில்லை.

வீடியோவை நீக்க வேண்டாம். சூப்பர்வைசரைப் பற்றிய அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு, மற்றதை அந்த மனுஷனுக்காக விட்டுவை.

அம்மா